மணலில் வீடு, மணலில் கிணறு

கற்பிட்டிப் பக்கத்துக் குடியிருப்பொன்றில் அண்மையில் ஓர் உம்மாவுடன் பேசிக்கொண்டிருந்தோம். முசலிப் பகுதியிலிருந்து 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் உடுத்த உடையுடன் வந்தவர். ஊரில் அவர்களுக்கு வயல் இருந்தது, ஓட்டு வீடு இருந்தது. இங்கே வந்த முதல் மாரிக்கு ஒரு தென்னந்தோட்டத்தின் மூலையில் கிடுகுக் கொட்டில் போட்டார்கள். "ஒரு வீட்டுக்கு நான் இருவது கூரை மேஞ்சிருக்கன் தம்பி" என்று அவர் சொன்னபோது எமக்குச் சிரிப்பும் வந்தது, மனம் கனக்கவும் செய்தது. அவருடைய மூத்த மகன் இப்போது வீடு கட்டப் பணம் சேர்த்து வைத்திருக்கிறார். அவர் எம்மிடம் கேட்ட கேள்வி இதுதான்: "எதால கட்டுறது? இங்க கட்டுறதா, ஊர்ல கட்டுறதா?"

இக்கேள்வியை அவர் மட்டும் கேட்கவில்லை. அந்த ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம் மக்களில் பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கே. நல்ல காணி, தண்ணீர், உழைப்பு எல்லாம் உடைய கமக்காரக் குடும்பங்கள் பிறருடைய வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிகளாயினர். நிலையான வீடு கட்டினால் ஊர் திரும்பும் உரிமை போய்விடுமோ என்ற அச்சத்தாலும், காணி உறுதி கையில் இல்லாமையாலும் பலர் நெடுங்காலம் கிடுகிலேயே இருந்தனர். 2007இல் உலக வங்கியின் உதவியோடு ஆரம்பமான புத்தளம் வீடமைப்புத் திட்டத்தில் பணம் தவணை தவணையாகக் குடும்பத்தின் கையில் கொடுக்கப்பட்டது. வீட்டைக் கட்டும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. 2009இல் போர் முடிந்தபின் பலர் முசலிக்கும் மன்னாருக்கும் திரும்பினர். திரும்பியவர்களுக்குக் காத்திருந்தது பெரும்பாலும் காடும் இடிந்த சுவர்களுமே. இன்றும் இங்கு ஒரு கால், அங்கு ஒரு கால் என்று வாழும் குடும்பங்கள் பல.

ஆகவே எதனால் கட்டுவது, எப்படிக் கட்டுவது என்பதைப் பற்றி நாம் அறிந்தவற்றையும், நாமே பிழைவிட்டுக் கற்றவற்றையும் இங்கு எழுதுகிறோம்.

ஐந்து மைலுக்குள் என்ன கிடைக்கும்?

ஒரு கிராமத்து வீடு ஐந்து மைல் சுற்றுவட்டத்துக்குள் கிடைக்கும் பொருள்களாலேயே கட்டப்பட வேண்டும் என்று காந்தியடிகள் கருதினார். அந்தக் கருத்தைத் தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் லோறி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர். 1917இல் இங்கிலாந்தில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007இல் மறையும்வரை ஏழைகளுக்கும் ஏழை நிறுவனங்களுக்கும் குறைந்த செலவில் கட்டிக்கொடுத்தவர். செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையை அவர் பரவலாக்கினார். அதனால் கல்லில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மிச்சம். சுவருக்குள் இருக்கும் காற்று வெயிலையும் தடுக்கும்.

கற்பிட்டியில் நின்று ஐந்து மைல் பார்ப்போம். மணல் உண்டு, தென்னை உண்டு, கடலும் களப்பும் உண்டு, காற்று தாராளமாக உண்டு. மாம்புரியில் 2010இல் காற்றாலைகள் நிறுவப்பட்டதே அதற்குச் சாட்சி. களிமண் இல்லை. கருங்கல் இல்லை. நல்ல மரமும் அரிது. சற்று வெளியே போனால் வண்ணாத்திவில்லுப் பக்கம் செம்மண்ணும், மாவட்டத்தின் தெற்கே வைக்கால, தங்கொட்டுவப் பகுதிகளில் ஓட்டுச் சூளைகளும் உண்டு. புத்தளத்திலேயே சீமெந்துத் தொழிற்சாலை இருக்கிறது. அதற்கான சுண்ணாம்புக்கல் அருவக்காலுவில் வெட்டப்படுகிறது. ஆகவே சீமெந்தும் எமக்கு ஊர்ப்பொருள்தானே என்று ஒருவர் கேட்கலாம். ஒரு வகையில் உண்மையே. ஆயினும் சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்தில் வேகவைத்தே சீமெந்து செய்கிறார்கள். ஒரு தொன் சாதாரணச் சீமெந்துக்கு ஏறக்குறைய முக்கால் தொன்னுக்கு மேல் கரிவாயு வெளியேறுகிறது. அதைவிட, ஒரு மூடையின் விலை கூலிக்காரக் குடும்பத்துக்கு என்ன பாரம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சீமெந்தே வேண்டாம் என்பது எமது வாதமல்ல. அது எங்கே தேவையோ அங்கே மட்டும் போட வேண்டும் என்றே சொல்கிறோம்.

தொடக்கூடாத பொருள்கள் சிலவும் இந்த ஐந்து மைலுக்குள் உண்டு. கரையோர மணல்மேடுகளை வெட்டி ஏற்றக்கூடாது. 2004 ஆழிப்பேரலையின்போது யாலப் பகுதியில், கடல் தெரிய வேண்டும் என்று மணல்மேடு அகற்றப்பட்டிருந்த இடத்தில் விடுதி அழிந்தது. மேடு இருந்த இடங்கள் தப்பின. பவளக்கல்லை எடுத்துச் சுண்ணாம்பு சுடுவது சட்டவிரோதம். கற்பிட்டிக்கு அப்பால் உள்ள பவளப்பாறைத் தொடர் 1992இல் சரணாலயமாக்கப்பட்டது. 1998இலும் 2016இலும் கடல் சூடேறியதால் அதில் பெரும்பகுதி வெளுத்து மடிந்தது. மிஞ்சியதையாவது விட்டுவைக்க வேண்டும். கண்டல் மரத்தில் கப்பு வெட்டுவதும் அப்படியே. 1980களிலும் 1990களிலும் இறால் பண்ணைகளுக்காக அழிக்கப்பட்ட கண்டலே அதிகம். எம்மவர் வெட்டியது அதன் முன் சிறிது. ஆனால் மிஞ்சியிருப்பதும் சிறிது.

கிடுகை இகழ வேண்டாம்

கிடுகு வீடு என்றாலே அகதி வீடு என்ற எண்ணம் எம் மக்கள் மனதில் பதிந்துவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. ஆயினும் வெப்பத்தைத் தடுப்பதில் கிடுகுக்கு நிகரான மலிவான கூரை வேறில்லை. நண்பகலில் தகரக் கூரையின் கீழும் கிடுகுக் கூரையின் கீழும் மாறி மாறி இருந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிடுகு கெட்டுப்போவது பெரும்பாலும் எமது அவசரத்தால். மட்டையை இரண்டாகப் பிளந்து, பின்னுமுன் சில நாட்களாவது நீரில் ஊறவைக்க வேண்டும். களப்பின் உவர்நீரில் ஊறிய ஓலை பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும் என்பது பழைய அனுபவம். கூரையின் சரிவு மிக முக்கியம். முகட்டின் உயரம், பாதி அகலத்துக்குச் சமமாக இருந்தால் மழைநீர் நிற்காமல் ஓடும். சரிவு குறைந்தால் நீர் ஓலையில் தங்கி அழுகும். நிவாரணக் காலத்தில் கம்பு மிச்சப்படுத்துவதற்காகத் தட்டையாக மேய்ந்த கொட்டில்கள்தான் ஒரே மாரியில் ஒழுகின. தாவாரத்தைச் சுவருக்கு வெளியே இரண்டு அடிக்குமேல் இறக்கினால் சுவரும் பிழைக்கும்.

கிடுகின் பெரும் எதிரி நெருப்பு. இங்கு வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து ஓயாமல் வீசும். அதுவே வறண்ட காலமும். ஆகவே அடுப்படியை வீட்டுக்கு வடகிழக்கே, தனியாக வைத்தால் பொறி வீட்டின் மேல் பறக்காது. வாடைக்காற்று எதிர்ப்புறமாக வீசும் மாதங்களில் ஓலை நனைந்திருக்கும்; அப்போது ஆபத்து குறைவு. அடுத்தடுத்து ஒட்டிய கொட்டில்களில் இந்த ஒழுங்கைச் செய்ய இயலாது என்பதை அறிவோம். முகாமில் இருந்தவர்கள் தீயைக் கண்டவர்கள்.

தகரம் போட்டுவிட்டவர்கள் தகரத்தின் மேல் ஒரு படை கிடுகைப் பரப்பி, காற்றில் பறக்காதபடி தும்புக் கயிற்றால் வலையாகக் கட்டினால் வீட்டுக்குள் வெக்கை நன்றாகக் குறையும். அஸ்பெஸ்ரோஸ் கூரையைப் பற்றி ஒரு வார்த்தை. அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடையும்போதும் பறக்கும் தூசு நுரையீரலுக்குள் போய், பல ஆண்டுகளின் பின் புற்றுநோயைத் தரக்கூடியது. பல நாடுகள் அதைத் தடைசெய்துவிட்டன. இலங்கையும் 2018இல் கட்டுப்பாடுகளைத் தொடங்க எண்ணியிருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா எமது தேயிலையை நிறுத்தியதும் அந்த எண்ணம் ஒத்திவைக்கப்பட்டது. அஸ்பெஸ்ரோசை விற்கும் நாடுகளுள் ரஷ்யா முக்கியமானது. எமது கூரைக்கும் மொஸ்கோவுக்கும் இப்படியும் ஒரு தொடர்பு. பழைய தகட்டைக் கழற்றுவதாயின் நனைத்துவிட்டு முழுதாகக் கழற்றுங்கள். உடைத்து முற்றத்தில் பரப்பாதீர்கள். எம்மைக் கேட்டால், பணம் இருக்குமாயின் ஓடே நல்லது. அது எமது மாவட்டத்துப் பொருள், கழற்றி இன்னொரு வீட்டுக்கும் கொண்டுபோகலாம்.

சுவர்

மண் கல்லைப் பற்றி இன்று பலர் ஆர்வத்தோடு கேட்கிறார்கள். மண்ணுடன் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவு சீமெந்து கலந்து, கைப்பொறியில் அமுக்கி, சூளையில் சுடாமல் நனைத்து ஆறவைத்து எடுக்கும் கல் இது. தமிழ்நாட்டில் ஒரோவில் நிலையம் இதைப் பல காலமாகக் கற்பிக்கிறது. இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து, 2009இல் அதற்கான கட்டளைத் தரமும் வெளியாயிற்று. போருக்குப்பின் வடக்கு கிழக்கில் ஐரோப்பிய ஒன்றிய உதவியுடன் கட்டப்பட்ட வீடுகள் சிலவும் இக்கல்லால் ஆனவை. விறகு எரிப்பதில்லை, சீமெந்தும் குறைவு.

ஆயினும் கற்பிட்டி மணலில் இதைச் செய்ய முடியாது. கலவையைப் பிடித்து வைக்கக் களி வேண்டும். இங்கே அது இல்லை. செம்மண்ணை லொறியில் ஏற்றி வந்தால் மிச்சம் பிடித்த பணம் எல்லாம் லொறிக்காரருக்கே போய்விடும். முசலிப் பக்கம் செம்மண் உள்ள இடங்களில் கட்டுவோருக்கு இது மிகப் பொருத்தம். உங்கள் மண் பொருந்துமா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. வாய் அகன்ற கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும், மேலே நீரும், ஒரு சிட்டிகை உப்பும் இட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் தங்கும், அதன்மேல் வண்டல், களி மறுநாள் வரை இறங்கும். மணல் பாதிக்கு மேலும், களி ஐந்தில் ஒரு பங்கு அளவும் இருந்தால் நல்ல கல் வரும். களி அதிகமானால் கல் வெடிக்கும், மணல் கூட்டிக்கொள்ளலாம். மேல்மண்ணில் வேரும் இலையும் இருக்கும், அதைச் சேர்க்கக் கூடாது. இரண்டு அடி தோண்டி எடுங்கள்.

மணல் நிலத்தில் கட்டுவோருக்குச் சீமெந்துக் கல்லே வழி. இதில் எம் மக்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு பங்கு சீமெந்துக்கு ஆறு பங்கு மணல் என்பது நியாயமான கலவை. விலையைக் குறைப்பதற்காகப் பத்து, பன்னிரண்டு என்று மணலைக் கூட்டி அறுத்த கல் சந்தையில் தாராளம். வாங்குமுன் ஆணியால் கீறிப் பாருங்கள். மணல் பொலபொலவென்று கொட்டினால் அந்தக் கல் வேண்டாம். நீங்களே அறுப்பதானால் கல்லை நிழலில் வைத்து ஏழு நாளாவது நல்ல தண்ணீரில் நனைத்துக் கொண்டிருக்க வேண்டும். வெயிலில் ஒரு நாளில் காய்ந்த கல் பார்வைக்குக் கல், உள்ளே மணல்.

கடற்கரை மணலையும் களப்பு மணலையும் கம்பி போட்ட கொங்கிறீற்றில் ஒருபோதும் சேர்க்கக்கூடாது. உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் கொங்கிறீற்றை உள்ளிருந்தே பிளந்துவிடும். பத்து வருடத்தில் யன்னல் மேல்வளை வெடித்துத் தொங்கும் வீடுகள் இக்கரையில் எத்தனை! ஆற்று மணலிலும் ஒரு சங்கடம் உண்டு. தெதுறு ஓயாவில் அளவுக்கு மீறி மணல் அள்ளியதால் ஆற்றங்கரை இடிந்தது மட்டுமன்றி, சிலாபப் பக்கம் கடற்கரைக்கு வந்து சேர வேண்டிய மணலும் குறைந்து கடல் அரித்தது. ஆகவே கம்பியும் கொங்கிறீற்றும் எங்கெல்லாம் தவிர்க்கலாமோ அங்கெல்லாம் தவிர்ப்பதே புத்தி. சிறிய யன்னலுக்கு முற்றிய தென்னை மரத்தின் வெளிவைரம் போதும்.

மணலில் அத்திவாரம் நிற்குமா என்று சிலர் அஞ்சுகிறார்கள். அசையாமல், நீரோட்டம் அரிக்காமல் இருக்கும் மணல் நல்ல அத்திவார நிலமே. அகலமாகப் போடுங்கள், தாவாரத் தண்ணீர் அடியை அரிக்க விடாதீர்கள். தாழ்ந்த இடங்களில் கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் நிற்பதால் நிலமட்டத்துக்கு மேல் ஒன்றரை அடியாவது தளத்தை உயர்த்த வேண்டும்.

இங்கு ஒரு சம்பவத்தை நினைவுகூரலாம். 2016இல் வடக்கு கிழக்கில் 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் கட்டித்தர அரசு முன்வந்தது. மாதிரி வீடுகளும் காட்டப்பட்டன. வெக்கை, ஆயுள், செலவு, பின்னர் ஓர் அறை கூட்டிக் கட்ட முடியாமை, ஊர் மேசனுக்கும் தச்சனுக்கும் வேலை இல்லாமை என்று கட்டடப் பேராசிரியர்களும் மக்களும் கேள்வி எழுப்பினர். திட்டம் நகரவில்லை. வீட்டில் இருக்கப் போகிறவர் வாய் திறந்து கேட்டதால் நடந்த காரியம் அது.

கிணறும் மலசலகூடமும்

இனி நாம் சொல்லப்போவதே இக்கட்டுரையில் முக்கியமானது. சுவரும் கூரையும் பிழைத்தால் திருத்தலாம். தண்ணீர் பிழைத்தால் ஊரே பிழைத்தது.

கற்பிட்டித் தீபகற்பத்தின் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. இரண்டும் உப்பு. நடுவே நாம் குடிக்கும் நன்னீர் எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்து மட்டுமே. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல், பாலில் மிதக்கும் ஆடை போல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. இக்கணக்கைத் திருப்பிப் பாருங்கள். இறைத்து இறைத்து மேலே ஓர் அடி இறக்கினால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏற இடமாகும். துலாவில் இறைத்த காலத்தில் கிணறு தானாக ஊறியது. இயந்திரம் வந்தபின் மனிதன் களைத்தாலும் இயந்திரம் களைப்பதில்லை. ஆழக் கிணறு தோண்டினால் கூடத் தண்ணீர் வரும் என்ற எண்ணம் இங்கே தவறு. ஆழம் போகப் போக உப்பே அருகில் வரும். ஆழமற்ற, அகன்ற கிணறே இந்நிலத்துக்கு உரியது. முன்னோர் அப்படித்தான் வெட்டினார்கள்.

இரண்டாவது ஆபத்து மேலிருந்து வருகிறது. மணல் எதையும் தடுத்து வைப்பதில்லை. வெங்காயம், மிளகாய்த் தோட்டங்களில் அள்ளிப் போடும் யூரியாவும், மலசலக் குழியின் கழிவும் நேரே அந்த ஆடைக்குள் இறங்குகின்றன. 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் கற்பிட்டிக் கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மீறி இருப்பதைக் காட்டி வந்துள்ளனர். ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அத்தகைய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கும், உயிருக்கே ஆபத்து. தாய்மாருக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அது இன்னும் செறியும். நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை, பரிசோதித்தால்தான் தெரியும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு, கைக்குழந்தை உள்ள வீட்டுக் கிணற்றையாவது பரிசோதிப்பியுங்கள்.

எமது பிழை ஒன்றையும் இங்கு மறைக்காமல் சொல்கிறோம். பல வருடங்களுக்கு முன் ஒரு குடியிருப்பில் நீர் ஊற்றும் மலசலகூடங்கள் கட்ட உதவினோம். பத்துப் பேர்ச் துண்டுகள். ஒவ்வொரு வளவிலும் ஒரு குழி, ஒரு கிணறு. திறப்பு விழாப் படம் அழகாக வந்தது. குழிக்கும் பக்கத்து வளவுக் கிணற்றுக்கும் இடையே எத்தனை அடி என்று எவரும் அளக்கவில்லை. அடுத்த மாரியில் நிலத்தடி நீர் ஏறிக் குழியைத் தொட்டது. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தது. நன்மை செய்யப் போய் நோயைக் கட்டிக் கொடுத்தோம்.

நீங்கள் அந்தப் பிழையை விடாதீர்கள். கிணற்றுக்கும் குழிக்கும் இடையே ஐம்பது அடியாவது வேண்டும், மணலில் அதற்கும் மேல் நல்லது. உங்கள் குழியிலிருந்து உங்கள் கிணற்றுக்கு மட்டும் அளந்தால் போதாது. பக்கத்து வளவுக்கும் அளவுங்கள். இங்கே நிலத்தடி நீர் நடுநிலத்திலிருந்து இரு கரையையும் நோக்கி ஓடுகிறது. ஆகவே கடலுக்கோ களப்புக்கோ கிட்டிய பக்கத்தில் குழியும், நடுநிலப் பக்கத்தில் கிணறும் இருப்பதே முறை. துண்டுக்காணி சிறிதாயின், ஆறேழு குடும்பங்கள் சேர்ந்து ஒரே கிணற்றை ஒதுக்கமான இடத்தில் வைத்துக் காப்பது தனித்தனிக் கிணறுகளைவிட மேல். இதற்கு ஒற்றுமை வேண்டும். அது மூடைக் கணக்கில் வாங்கக் கூடியதல்ல.

குழியே தோண்டாத முறை ஒன்றும் உண்டு. கேரளத்தின் தென்கரையில், கையளவு தோண்டினாலே நீர் வரும் மீனவ ஊர்களில், 1990களின் நடுப்பகுதியில் போல் கல்வேட் என்பவர் இதை மக்களோடு சேர்ந்து அமைத்தார். நிலத்துக்கு மேலே இரண்டு அறைகள். மலம் ஓர் அறைக்குள் விழும். ஒவ்வொரு முறையும் ஒரு கை சாம்பல் போட வேண்டும். சிறுநீரும் கழுவும் நீரும் தனி வழியாக வெளியேறி ஒரு செடிப் பாத்திக்குப் போகும். தண்ணீரால் சுத்தம் செய்யும் எம்மவர் வழக்கத்துக்கு இது தடையில்லை என்பதைக் கவனியுங்கள். ஓர் அறை நிறைந்ததும் மூடி, ஆறு மாதத்துக்கு மேல் விட்டு, மற்றதைப் பாவிப்பார்கள். திறக்கும்போது மணமற்ற மண்ணே இருக்கும், மரங்களுக்கு இடலாம். முதலில் எவரும் முகம் சுளிப்பார்கள். நாமும் சுளித்தோம். நித்தமும் கவனிக்காவிட்டால் இது கெட்டுப்போகும் என்பதும் உண்மை. கவனிக்க மனமில்லாத வீட்டுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

குடிநீருக்கு வானத்தையே நேரே நம்பலாம். ஓடு அல்லது தகரம் போட்ட 500 சதுர அடிக் கூரையை எடுத்துக்கொள்வோம். இப்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றர் மழை. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் வருடத்தில் 37,000 லீற்றர் அக்கூரையில் விழுகிறது. அதில் 5,000 லீற்றரை மட்டும் ஒரு தொட்டியில் பிடித்தால், ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 25 லீற்றர் வீதம் 200 நாளுக்குப் போதும். மார்கழிக் கடைசியில் நிறைந்த தொட்டி ஆடி வரை வரும். இடையே சித்திரை மழையும் சிறிது கூட்டும். கம்பிவலையில் சீமெந்து பூசிக் கட்டும் இத்தொட்டிகள் 1990களின் நடுப்பகுதியிலிருந்து இலங்கையில் பரவி வருகின்றன. 1996இல் இதற்கென்றே இலங்கை மழைநீர் சேகரிப்பு மன்றம் அமைந்தது. நெடுநாள் வெயிலின் பின் வரும் முதல் மழையை விட்டுவிடுங்கள். அது கூரையைக் கழுவும் மழை. வாயை நுளம்பு வலையால் இறுகக் கட்டுங்கள். மலேரியா நாட்டிலிருந்து ஒழிந்ததாக 2016இல் சான்றிதழ் கிடைத்தாலும் டெங்கு எம்முடனேயே இருக்கிறது. கிடுகுக் கூரை நீர் நிறமேறி வரும்; அதைக் குடிக்காமல் மரத்துக்கு விடுங்கள். வீட்டில் எல்லாம் கிடுகாக இருந்தாலும், ஒரு சிறிய தகரப் பந்தல் போட்டு அதன் நீரைப் பிடிப்பவர்களைக் கண்டிருக்கிறோம். நல்ல யோசனை.

இங்கா, ஊரிலா?

உம்மாவின் மகனுடைய மற்றக் கேள்விக்கு நாம் விடை சொல்ல இயலாது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இங்கே, வாப்பாவின் வயல் அங்கே. ஆனால் இரண்டு ஊருக்கும் நடுவில் நிற்பவர் பணத்தை எதில் போடுவது என்பதில் ஒரு யோசனை உண்டு. அத்திவாரம், சுவர், கொங்கிறீற் எல்லாம் மண்ணோடு மண். கதவு, யன்னல், வளை, கைமரம், ஓடு ஆகியவற்றைக் கழற்றி லொறியில் ஏற்றலாம். ஆகவே இங்கே ஓர் உறுதியான தளமும் இடுப்பளவு சீமெந்துக் கல் சுவரும் போட்டு, அதற்கு மேல் மரச்சட்டமும் கிடுகுத் தட்டியும் வைத்து, கூரைக்கு நல்ல மரமும் ஓடும் போடலாம். காற்றோட்டமும் இருக்கும். ஊர் திரும்பும் நாள் வந்தால் செலவில் பெரும்பகுதி கூடவே வரும். திரும்பாவிட்டால் தட்டியை நீக்கிக் கல்லை உயர்த்திக் கொள்ளலாம். ஆணியால் அடித்து இறுக்காமல் பூட்டாணி போட்டு முடுக்கும்படி தச்சரிடம் சொல்லுங்கள். கழற்றும்போது மரம் பிளக்காது. இங்கே காணி உறுதி கையில் இல்லாதவர் இதற்கு மேல் கட்டுவதை நாம் ஊக்குவிக்க மாட்டோம்.

அன்று மாலை அளவுநாடாவை எடுத்து உம்மாவின் வளவை அளந்தோம். புதிய மலசலகூடத்துக்கு மகன் குறித்து வைத்திருந்த இடம் அவர்களுடைய கிணற்றிலிருந்து அறுபத்திரண்டு அடி. வேலிக்கு அப்பால், பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து பதினேழு அடி. அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தது. குறித்து நட்ட கட்டைகளை அவர் அன்றே பிடுங்கினார். இப்போது இரண்டு வீட்டாரும் களப்புப் பக்க எல்லையில் ஒரே மேடை மேல் இரட்டை அறை கட்டுவதென்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். சாம்பல் யார் வீட்டு அடுப்பிலிருந்து என்பதில் மட்டும் இன்னும் முடிவில்லை.